அக்காவின் மூளைக்கு வயது ஐம்பத்தேழு

பெங்களூரு,
12 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

காளி எழுதுகிறேன். நான் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்துக்கொள். மழை பிடித்துவிட்டால் கிளாவரைக்கு எந்த நாள் பஸ் வரும், எந்த நாள் வராது என்று சொல்ல முடியாது.

நான் வேலை மாறிவிட்டேன். இப்போது இருப்பது மனநல ஆராய்ச்சி செய்கிற ஒரு நிறுவனம். என்ன வேலை என்று நீ கேட்பாய். ஆயிரக்கணக்கான பேருடைய மூளையை ஸ்கேன் எடுத்த படங்களை, அவரவர் வயதோடு சேர்த்துக் கணினிக்குக் காட்டுகிறோம். இருபது வயது மூளை எப்படி இருக்கும், அறுபது வயது மூளை எப்படி இருக்கும் என்று அது தானாகவே கற்றுக்கொள்கிறது. பிறகு வயதைச் சொல்லாமல் ஒரு படத்தைக் கொடுத்தால், இந்த மூளைக்கு இத்தனை வயது என்று கணித்துச் சொல்கிறது. மனநோய் வந்தவர்களில் பலருக்கு உண்மையான வயதைவிடக் கூடுதலாகச் சொல்கிறது. ஏன் அப்படி, மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் அந்த வித்தியாசம் குறையுமா என்பதுதான் எங்கள் கேள்வி.

நோய் வந்து குணமாகி நன்றாக இருக்கிறவர்களின் படங்களும் எங்களுக்கு வேண்டும். மதுரையில் எடுக்கிறார்கள். உன்னைக் கேட்கலாமா என்று பத்து நாள் யோசித்தேன். எங்கள் தலைமை டாக்டர் தமிழ்மதியிடம் சொன்னேன். “உங்க அக்கா வரலாம். ஆனா நீங்க அங்க போகக் கூடாது, அவங்க படத்தைப் பாக்கவும் கூடாது” என்று சொல்லிவிட்டார். உனக்கு விருப்பம் இல்லையென்றால் ஒரு வரி எழுது, போதும்.

நேற்று அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஒரு பேக்கரியைக் கடந்து போனேன். அப்படியே நின்றுவிட்டேன். மூஞ்சிக்கல்லில் என் பள்ளிக்கூடத்துக்காக நாம் இருந்த அந்த ஒற்றை அறை, நீ பேக்கரி வேலை முடிந்து வரும்போது உன் சால்வையில் இருக்கும் ரொட்டி வாசனை, ஓரம் கருகியதால் விற்காத பன்கள், நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த அல்ஜீப்ரா. கொடைக்கானலில் அவ்வளவு குளிரில் நமக்கு இருந்தது ஒரே கம்பளி. ஆனால் குளிர்ந்ததாக நினைவே இல்லை.

உன் பதிலை எதிர்பார்க்கும் தம்பி,
காளீஸ்வரன்


கிளாவரை,
25 ஜூன் 2023

அன்புத் தம்பி காளிக்கு,

அக்கா தமயந்தி. இங்கே எல்லாம் சௌக்கியம். உன் சௌக்கியத்தையும் அடிக்கடி எழுது. மாத்திரை இரண்டு மாதத்துக்கு இருக்கிறது. ஒவ்வொரு கடிதத்திலும் அதை விசாரிக்காதே, மாத்திரைக்கே வெட்கமாக இருக்கும்.

நான் போன் வைத்துக்கொள்ளாததால் நீ இந்தக் காலத்திலும் தபால்தலை வாங்க அலைகிறாய் என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் முகம் தெரியாமல் வருகிற குரலை இன்றைக்கும் என்னால் காதில் வைத்துக் கேட்க முடியவில்லை. கடிதம் என்றால் உன் கையெழுத்து தெரிகிறது. அதில் உன் முகமும் தெரிகிறது.

ஸ்கேனுக்குப் போகிறேன். எனக்கு வந்து போனது யாருக்காவது பயன்படட்டும். பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் அத்தை கேட்டார், “ஏத்தா, மூளையப் படம் புடிச்சா உள்ள நெனைக்கிறதெல்லாம் தெரிஞ்சுருமாமே?” “அப்பிடித் தெரிஞ்சா ஒருத்தரும் போக மாட்டாங்க அத்தை” என்றேன்.

இங்கிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு சந்தைக்குப் போகிற வண்டிக்காரர் சேனாதிபதியை உனக்கு நினைவிருக்கும். அப்பா இருக்கும்போதே நம் கேரட்டை அவர்தான் ஏற்றுவார். அவர் வண்டியில் வத்தலக்குண்டு வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் மதுரை போகலாம் என்று இருக்கிறேன். பூண்டு நட்டாயிற்று. மழையும் காற்றும்தான்.

அல்ஜீப்ராவை நினைவு வைத்திருக்கிறாய். நான் அடித்ததை நினைவு வைத்திருக்கிறாயா?

அன்பு அக்கா,
தமயந்தி


கிளாவரை,
1 ஆகஸ்ட் 2023

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். ஜூலை இருபத்தாறாம் தேதி போய்விட்டு வந்தேன்.

சேனாதிபதி என்னை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, “நான் லோடு எறக்கிட்டு இங்கனயே நிக்கிறேன். நீங்க சோலிய முடிச்சிட்டு வெரசா வாங்க” என்றார். நான் திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவருடைய மகள் முத்துலட்சுமி வீட்டில் தங்கினேன். வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்திருக்கிறார். நல்ல பெண். எனக்குப் பாய் போடாமல் கட்டிலைக் கொடுத்துவிட்டாள்.

ஸ்கேன் எடுக்கப் படுக்க வைத்து, தலையைச் சுற்றி ஒரு கூண்டு மாதிரி மாட்டினார்கள். பிறகு சத்தம். தகரக் கூரையில் யாரோ விடாமல் கல்லெறிவது போல. அந்தச் சத்தத்துக்குள்ளே யாரோ பேசுகிறார்கள் என்று தோன்றியது. உற்றுக் கேட்டேன். பேச்சு இல்லை, வெறும் சத்தம்தான். அது தெளிவாகிற வரைக்கும் உடம்பு நடுங்கியது. “தலைய ஆட்டாதீங்கம்மா” என்று இரண்டு முறை சொன்னார்கள். அதன்பிறகு ஏழாம் வாய்ப்பாட்டிலிருந்து மனதுக்குள் சொல்ல ஆரம்பித்தேன். பத்தொன்பதாம் வாய்ப்பாட்டில் முடித்துவிட்டார்கள்.

அதற்கு முன்பு ஒரு பெண் காகிதத்தை வைத்துக்கொண்டு நிறையக் கேட்டாள். சொன்னேன். காபி நன்றாக இருந்தது.

முடிவு தெரிந்தால் எழுது.

அக்கா


பெங்களூரு,
24 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல். இவ்வளவு தாமதமாக எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

இந்த ஆராய்ச்சியில் தனித்தனி ஆட்களுக்கு முடிவு சொல்கிற வழக்கம் இல்லை. எல்லோருடையதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். அதனால் அதை நீ மறந்துவிடு.

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். சமீபமாக உனக்கு மறதி ஏதாவது இருக்கிறதா? வைத்த பொருளைத் தேடுகிறாயா? நடக்கும்போது தடுமாற்றம் உண்டா? வரப்பில் தனியாகப் போகாதே. குளிர்காலத்துக்கு இங்கே வந்து என்னோடு இருக்கலாமே. கீழ்த்தளத்தில் வீடு, படிகூட ஏற வேண்டாம்.

இன்று மதியம் மழை. கொடைக்கானல் ஏரியில் மஞ்சு இறங்கியதும் படகுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகுமே, அதை எண்ணுவோமே, நினைவிருக்கிறதா? கடைசிப் படகும் மறைந்த பிறகு நீ “இப்ப சைபர்” என்பாய். அப்போது உனக்குப் பதினெட்டு வயது. இன்று காலையிலிருந்து அந்தப் பதினெட்டு வயதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

காளி


கிளாவரை,
9 அக்டோபர் 2023

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். உனக்குத்தான் ஏதோ சரியில்லை என்று நினைக்கிறேன். நாற்பத்தொரு வயதுக்காரிக்குப் படி ஏற வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நேற்று நம் மேட்டுக்காட்டிலிருந்து ஆறு மூட்டைப் பூண்டைச் சுமந்து இறக்கினேன். மறதி இல்லை. நீ ஆறாம் வகுப்புக் காலாண்டில் கணக்கில் வாங்கிய மார்க்கைக்கூடச் சொல்வேன், வேண்டாம், உனக்கு மானம் போகும்.

ஒரு விஷயம். யாரிடமும் கேட்க எனக்கு ஆள் இல்லை, நீதான்.

சேனாதிபதி என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மூட்டைகளை ஏற்றிக் கட்டிவிட்டு, கயிற்று நுனியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். நான் ஒளிக்கவில்லை. “எனக்கு முன்னாடி குரல் கேக்கும். எட்டு வருசம் ஆஸ்பத்திரியும் வீடுமாக் கெடந்தவ. இப்பவும் மாத்திரை சாப்பிடுறேன். தெரியும்ல?” என்றேன்.

“கிளாவரையில அது யாருக்குத் தெரியாது? சுகருக்கு நானுந்தான் மாத்திரை சாப்பிடுறேன். ரெண்டையும் ஒரே டப்பாவுல வச்சுக்குவோம். மாத்தி மட்டும் சாப்பிட்டுறக் கூடாது” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, காளி. இப்படிச் சிரித்து நாளாயிற்று. முத்துலட்சுமிக்கும் சம்மதமாம். நீ என்ன சொல்கிறாய்? யோசித்து எழுது. அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அக்கா


பெங்களூரு,
27 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

சேனாதிபதி நல்லவர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவசரப்பட வேண்டாம் என்று தோன்றுகிறது. இப்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இன்னும் ஐந்து வருடத்தில், பத்து வருடத்தில் உன் உடம்பு எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டும். எல்லோருக்கும் வயது ஒரே மாதிரி ஏறுவதில்லை. உன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தால் அவர் பார்ப்பாரா? அந்தச் சிரமத்தை அவர்மேல் வைப்பது சரியா? நான் இருக்கிறேன். கடைசிவரை உன்னைப் பார்த்துக்கொள்வது என் கடமை.

ஒரு வருடம் போகட்டும். பிறகு பேசலாம்.

நம் அறையின் ஜன்னலுக்கு வெளியே ஒரு பேரிக்காய் மரம் இருந்ததே. நீ அதிலிருந்து எனக்கு மட்டும் பறித்துக் கொடுப்பாய், உனக்குப் புளிக்கும் என்பாய். எனக்கு என்ன கிடைத்தாலும் உன் பங்கும் சேர்த்துத்தான் கிடைத்தது. அதை நான் மறக்கவில்லை.

தவறாக எடுத்துக்கொள்ளாதே.

காளி


கிளாவரை,
12 நவம்பர் 2023

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். மழை நிற்கவில்லை.

த.


பெங்களூரு,
20 ஜனவரி 2024

அக்காவுக்கு,

டிசம்பரில் இரண்டு கடிதம் எழுதினேன். பொங்கலுக்காவது பதில் வரும் என்று பார்த்தேன். நீ எழுதாமல் இருப்பது நியாயம்தான். நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன்.

ஆகஸ்டில் மதுரைப் படங்கள் எங்களுக்கு வந்தன. யாருடைய பெயரும் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் பெண், நாற்பத்தொரு வயது, ஜூலை இருபத்தாறு என்று ஒருவர்தான் இருந்தார். பார்க்கக் கூடாது என்று டாக்டர் தமிழ்மதி சொல்லியிருந்தும் பார்த்தேன். உன் மூளைக்கு வயது ஐம்பத்தேழு என்று கணினி சொல்லியிருந்தது.

அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் இன்னொரு விவரம். நோய் தொடங்கி, மருந்து தொடங்கும்வரை எத்தனை மாதம்? சைபர் என்று போட்டிருந்தது. ஐந்து என்று இருக்க வேண்டும் அக்கா. உனக்கு நினைவில்லாமல் அப்படிச் சொல்லியிருப்பாய். எனக்கு நினைவிருக்கிறது.

2002 ஆகஸ்டில் நீ குழாயில் துணியை அடைத்தாய். தண்ணீர் விழும்போது யாரோ உன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றாய். பிறகு ஜன்னல் முழுக்கச் செய்தித்தாளை ஒட்டினாய். செப்டம்பரில் பேக்கரிக்குப் போவதை நிறுத்தினாய். கொண்டுவந்த சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று தொட மாட்டாய். எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் மதியம் போட்ட சோற்றை டப்பாவில் கொண்டுவருவேன். நீ சாப்பிடாததை நானே சாப்பிடுவேன்.

அப்பாவுக்கு மாதம் இரண்டு கடிதம் நீதானே எழுதுவாய். நீ எழுதவில்லை என்றால் அப்பா புறப்பட்டு வந்துவிடுவார். வந்தால் இரண்டு பேரையும் கிளாவரைக்குக் கூட்டிப் போய்விடுவார். என் படிப்பு போய்விடும். அதனால் நானே எழுதினேன். உன் பெயரில், ‘நானும் காளியும் நலம்’ என்று. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, கந்தம்மாள் அத்தைதான் படித்துக் காட்டுவார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜனவரியில் அப்பா தானாக வந்து பார்க்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தேன். உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்துதான் மறைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பள்ளிக்கூடம் போய்விடும் என்றுதான் பயந்தேன்.

மருந்து தாமதமானால் மூளைக்கு என்ன ஆகிறது என்பதுதான் இன்றைக்கு என் வேலை. ஐம்பத்தேழு என்று பார்த்ததும், அந்தப் பதினாறு வருடத்தையும் நான்தான் உன் தலையில் ஏற்றினேன் என்று நினைத்தேன். கல்யாணம் வேண்டாம் என்று எழுதியது அதனால்தான். நீ சீக்கிரம் தளர்ந்துவிடுவாய், அவர் கைவிட்டுவிடுவார் என்று பயம். காரணத்தைச் சொல்லத் தைரியமில்லை.

போன வாரம் டாக்டர் தமிழ்மதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. “ரெண்டு தப்பு பண்ணிருக்கீங்க, காளீஸ்வரன். பாக்கக் கூடாததப் பாத்தீங்க. பாத்ததத் தப்பாப் படிச்சீங்க” என்றார். உன் படத்தை அவரே எடுத்துப் பார்த்தார். தலை அசைந்திருக்கிறது. அசைந்த படத்தைக் கணினி வயதான மூளை என்று எடுத்துக்கொள்ளும். அது கற்றுக்கொண்டதே பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்களின் படங்களிலிருந்துதான். மதுரையில் எடுத்த, எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் சராசரியாக ஏழு வருடம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறது. “நூறு பேர சேத்து வச்சு ஒரு விஷயம் தெரிஞ்சுக்கத்தான் இது. தனி ஆளுக்கு இது ஜாதகம் இல்ல” என்றார்.

அந்த ஐந்து மாதத்தால் உனக்குக் கெடுதல் ஆனதா என்று கேட்டேன். “இந்தப் படத்த வச்சு ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. உங்களுக்குத் தண்டனையும் இதுல இல்ல, மன்னிப்பும் இதுல இல்ல” என்றார். மதுரை விவரங்கள் எதையும் நான் இனித் தொடக் கூடாது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார். அந்தச் சைபரைத் திருத்த வேண்டுமானால் சொன்னவர்தான் திருத்த வேண்டுமாம்.

இவ்வளவுதான். நீ என்ன எழுதினாலும் சரி. எழுதாவிட்டாலும் சரி.

காளி


கிளாவரை,
3 பிப்ரவரி 2024

தம்பி காளிக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. உடம்பு நலம். மனசு எட்டு நாளும் ஒரு நிலையில் இல்லை.

ஐம்பத்தேழு என்பதைக் கந்தம்மாள் அத்தையிடம் சொன்னேன். “அப்பன்னா எனக்கும் ஒனக்கும் கொஞ்சந்தானத்தா வித்தியாசம். இனிமே அத்தைன்னு கூப்பிடாத” என்றார். நானும் சிரித்தேன். அப்புறம் கேரட் கழுவுகிற தொட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். டாக்டர் சொன்னதையெல்லாம் நீ எழுதியிருக்கிறாய், புரிந்தது. ஆனாலும் ஒரு எண்ணைக் கேட்டுவிட்டால் அது போக நாளாகிறது.

அந்தச் சைபர் மறதியில் சொன்னது இல்லை. அந்தப் பெண் கேட்டாள், “நோவு வந்து எத்தனை மாசம் கழிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க?” “அந்த மாசமே” என்றேன். தெரிந்துதான் சொன்னேன். அந்தக் காகிதம் எப்படியும் உன் கண்ணில் படும் என்று நினைத்தேன்.

நீ எழுதிய கடிதங்கள் எனக்குத் தெரியும், காளி. அப்பா இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது கிடைத்தன. மொத்தம் பதினொன்று. ஒரு வரி படித்ததுமே உன் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும். அப்போது உன்மேல் கோபம் வந்தது. ஐந்து மாதம் முன்னால் மருந்து கிடைத்திருந்தால் அந்த எட்டு வருடத்தில் கொஞ்சமாவது எனக்கு மிஞ்சியிருக்குமோ என்று நினைத்தேன். அந்த வருடம் நீ தீபாவளிக்கு வந்தபோது நான் சரியாகப் பேசாமல் இருந்தேன். நீ என் உடம்புக்குத்தான் ஏதோ என்று நினைத்துக்கொண்டாய்.

பிறகு கோபம் போய்விட்டது. போனது எப்படி என்றால், அவற்றை மறுபடி மறுபடி படித்ததால். அந்த ஐந்து மாதத்தில் எனக்கு நினைவில் இருப்பது ஜன்னலில் ஒட்டிய செய்தித்தாளும் குழாயும்தான். மீதி எல்லாம் இருட்டு. நீ எழுதியதில் நான் என்னென்னவோ செய்கிறேன். ‘காளி ஸ்வெட்டர் போடாமல் பள்ளிக்கூடம் போகிறான், சொன்னால் கேட்பதில்லை’ என்று அப்பாவிடம் கோள் சொல்கிறேன். ‘ஞாயிற்றுக்கிழமை ஏரியைச் சுற்றி நடந்தோம், காளிக்குச் சுட்ட சோளம் வாங்கிக் கொடுத்தேன்’ என்கிறேன். ‘கொஞ்சம் சதை போட்டிருக்கிறேன்’ என்றுகூட எழுதியிருக்கிறாய். அப்போது நான் எலும்பாக இருந்தேன். அக்கா இப்படியெல்லாம் இருக்கக் கூடாதா என்று நீ ஏங்கியதெல்லாம் அந்தப் பதினொரு காகிதத்தில் இருக்கிறது. எனக்கு மனசு சரியில்லாத நாளில் எடுத்துப் படிப்பேன். அவற்றை உனக்குத் தர மாட்டேன், கேட்காதே.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வந்தது உன் அக்டோபர் கடிதத்துக்குத்தான். பதின்மூன்று வயதில் செய்ததை விடு. முப்பத்துநான்கு வயதில், என்னைப் பற்றி எனக்கே சொல்லாமல் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு, என் வாழ்க்கைக்கு நீ முடிவெடுத்தாய். இனிமேல் அப்படிச் செய்யாதே. நல்லதோ கெட்டதோ, என் தலையில் இருப்பதை முதலில் என்னிடம் சொல்.

சேனாதிபதியிடம் இந்த ஐம்பத்தேழையும் சொன்னேன். “அப்ப என்னைவிட மூணு வயசு மூத்தவுக. இனி நான்தான் மரியாதையாப் பேசணும்” என்றார். மார்கழியிலேயே அவருக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். உன் அனுமதிக்காக நான் காத்திருக்கவில்லை. உண்மையைச் சொல்லும் உன் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

டாக்டரம்மாவிடம் சொல். சைபரை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட நானே மதுரைக்கு வருகிறேன். வேண்டுமானால் இன்னொரு முறை படமும் எடுக்கட்டும். இந்த முறை அசைய மாட்டேன். என்ன வயது வந்தது என்று மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

மாசி பத்தாம் தேதி, பழனி அடிவாரத்தில் கல்யாணம். பட்டும் பவுனும் தூக்கிக்கொண்டு வராதே. நீ வந்து என் பக்கத்தில் நில்.

அக்கா தமயந்தி


பெங்களூரு,
10 மார்ச் 2024

அக்கா,

கல்யாணம் முடிந்து நீங்கள் மாமாவின் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் நீ கேட்டாய், “ஏலே காளி, அந்த அஞ்சு மாசமும் நீ எப்பிடிலே இருந்த?”

நான் பதில் சொல்வதற்குள் மாமா வண்டியை எடுத்துவிட்டார். பெங்களூரு பஸ்ஸில் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இத்தனை வருடத்தில் அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

நான் நலமாக இல்லை அக்கா. மதிய மணி அடித்ததும் மூஞ்சிக்கல் மேட்டில் ஓடிவருவேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தால் நிம்மதி. திறந்திருந்தால் நீ உள்ளே இருக்கிறாயா என்று வாசலிலிருந்தே தேடுவேன். வகுப்பில் யாரோடும் பேசுவதை நிறுத்திவிட்டேன், பேசினால் வாய் தவறிச் சொல்லிவிடுவேன் என்று. அப்பாவுக்கு எழுத உட்காரும்போது மட்டும்தான் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும். எழுதி முடிக்கிறவரை நீ ஏரியைச் சுற்றி என்னோடு நடந்துகொண்டிருப்பாய். ஒட்டி அனுப்பியதும் போய்விடுவாய்.

உனக்கு நினைவில்லாத ஒரு நாளைச் சொல்கிறேன். இதை அப்பாவுக்கு நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் உண்மையாக எழுதிய ஒரே விஷயம் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

டிசம்பர், ஒரு ஞாயிறு மதியம். ஜன்னலில் ஒட்டிய தாள் வழியாக மங்கலாக வெளிச்சம். நான் சுவரில் சாய்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் உதடு அசைந்துகொண்டிருந்தது. திடீரென்று நிமிர்ந்து என்னைப் பார்த்து, “ஒனக்கும் கேக்குதா?” என்றாய். இல்லை என்று சொல்லப் பயம், ஆமாம் என்று சொல்லவும் பயம்.

நீ தவழ்ந்து என்னிடம் வந்தாய். அடிக்கத்தான் வருகிறாய் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நீ என் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் என் காதுகளை இறுகப் பொத்தினாய். “நீ கேக்காத. இதெல்லாம் சின்னப் புள்ளைக கேக்கக் கூடாதது” என்று நீ சொன்னது உன் கைகளுக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லக் கேட்டது.

வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். உன் கைகள் சில்லென்று இருந்தன. ஆனால் நீ எடுக்கவில்லை. நான் கணக்கைப் போட்டு முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, உன் காதுகளைத் திறந்தபடி விட்டுவிட்டு, எல்லாவற்றையும் நீயே கேட்டுக்கொண்டிருந்தாய்.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
காளி